இருபத்தொன்றிலேயே நின்ற தண்ணீர்

ஃபர்சானாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை மரக்காணம் பஜார் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. இடி இடித்தால் பயம். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு கேஸை மூடினோமா என்று சந்தேகம் வரும். எதிர்வீட்டுக்குப் போன் போட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்வாள். எதிர்வீட்டுக்காரி எட்டிக்கூடப் பார்க்காமல் "மூடிதான் இருக்குது" என்று சொல்லிவிடுவாள் என்பது வேறு விஷயம்.

"உன்னப் பெத்தப்ப உங்கம்மா எதப் பாத்து பயந்தாங்களாம்? கேட்டு சொல்லேன்" என்று அவள் புருஷன் ஷஃபி கேலி செய்வான். ஷஃபி அவளுக்கு நேர் எதிர். சார்ஜாவில் கிடங்கு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன், உப்பளத்தில் உப்பு வாங்கி லாரியில் ஏற்றிவிடும் வியாபாரம் செய்தான். எதையும் நம்பிவிடுவான். லாரிக்காரன் சொல்லும் நேரத்தை நம்புவான், தரகன் சொல்லும் விலையை நம்புவான், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்டாட்டியின் மூளையை நம்புவான். அந்த நம்பிக்கைதான் ஒரு மே மாதத்து மத்தியானத்தில் ஒரு கொட்டகை நிறைய ஜனத்தைக் காவு கொடுக்கப் பார்த்தது.

இப்படிப் பயப்படுகிறவள் பார்த்த வேலையையும் சொல்லிவிட வேண்டும். ஆரோவில் பக்கம், செம்மண் ரோட்டில் முந்திரித் தோப்பைத் தாண்டினால் ஒரு சின்ன ஆபீஸ். அங்கே ‘கோர்வை’ என்று ஒரு கம்ப்யூட்டர் மொழியைப் பராமரித்தார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஆசையாக ஆரம்பித்துவிட்டு, வெயில் தாங்காமல் ஊர்போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் ஃபர்சானா தலையிலும் அவளோடு வேலை பார்த்த கௌதமன் தலையிலும் விழுந்தது.

கோர்வை முழுக்க முழுக்கப் பங்க்ஷன்களால் ஆன மொழி. பங்க்ஷன் என்றதும் மிரள வேண்டாம். ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைத் திருப்பித் தரும் சின்ன வேலை, அவ்வளவுதான். ஐந்தைக் கொடுத்தால் பத்தைத் தரும் என்றால், இன்றைக்கும் பத்து, நாளைக்கும் பத்து, ஆடியிலும் பத்து, ஐப்பசியிலும் பத்து. ஆளைப் பார்த்துப் பதிலை மாற்றுகிற சோலியே கிடையாது. நாலு பக்கமும் பயந்துகொண்டே வளர்ந்த பெண்ணுக்கு இதைவிட ஆறுதலான இடம் வேறெங்கே கிடைக்கும்? சேர்ந்த முதல் மாதமே அவளுக்கு அந்த மொழி மேல் பாசம் வந்துவிட்டது.

கோர்வையில் எழுதியதை மெஷினுக்குப் புரியவைக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று இன்டர்பிரட்டர். எழுதியதை அப்படியே படித்துப் படித்து, அந்தந்த இடத்திலேயே செய்துகாட்டும். மெதுவானது, சூதுவாது தெரியாதது. இன்னொன்று கம்பைலர். அது முழுவதையும் முதலிலேயே படித்து, வேண்டாததைக் கழித்து, விரல்நக அளவுச் சிப்புக்குள் அடங்குகிற மாதிரி மெஷின் பாஷையில் மாற்றிக் கொடுத்துவிடும். வேகமானது, கொஞ்சம் அதிமேதாவி. ஆபீஸில் உட்கார்ந்து சரிபார்க்கும்போதெல்லாம் இன்டர்பிரட்டரில் ஓட்டுவார்கள். வெளியே போகிற சாமானுக்குள் கம்பைலர் கொடுத்ததை ஏற்றி அனுப்புவார்கள்.

அந்தக் கம்பைலருக்கு அதிமேதாவித்தனம் சொல்லிக்கொடுத்ததே ஃபர்சானாதான். பதில் மாறவே மாறாது என்றால் ஒரே கேள்வியை எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்பது? ஒரு தரம் கேள், பதிலை மடியில் முடிந்துகொள், அடுத்த தரம் மடியை அவிழ்த்துக் கொடு. இதுதான் அவள் போட்ட வேலை. புரோகிராம் சும்மா பறந்தது. எங்கெங்கோ இருந்து முகம் தெரியாதவர்களெல்லாம் பாராட்டி எழுதினார்கள். ஷஃபிக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் பிரியாணி வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தான்.

மாறுகிற சமாச்சாரத்துக்கும் கோர்வையில் வழி உண்டு. மணி என்ன, வெயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று வெளியுலகத்தைக் கேட்கிற பங்க்ஷனின் தலையில் ‘வெளி’ என்று ஓர் அடையாளம் வைத்துவிட வேண்டும். அதைப் பார்த்தால் கம்பைலர் மடியில் முடியாது, ஒவ்வொரு தரமும் புதிதாகப் போய்க் கேட்கும். அடையாளம் வைக்க வேண்டியது எழுதுகிற ஆளின் பொறுப்பு.

அதற்கு முந்தைய வருஷம் எதிர்பாராத மழையில் பக்கிங்காம் கால்வாய் ஏறி, அளத்துக்கு நடுவிலிருந்த மேட்டுத் திட்டில் வேலையாட்கள் மாட்டிக்கொண்டார்கள். கயிறு கட்டி இழுத்துத்தான் கரை சேர்த்தார்கள். ரோட்டிலிருந்து திட்டுக்குப் போக ஒரே ஒரு மண்வரப்புதான். தண்ணீர் ஏறினால் முதலில் முழுகுவது அதுதான், திட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. ஷஃபி வீட்டுக்கு வந்து, "ஃபர்சா, தண்ணி ஏறுனா கத்துற மாதிரி ஒண்ணு செய்ய முடியுமா?" என்று கேட்டான். அவளும் கௌதமனும் செய்தார்கள். கால்வாய் ஓரத்தில் ஒரு கம்பம், அதில் எண் எரிகிற கண்ணாடியோடு ஒரு பெட்டி, தண்ணீருக்குள் இறங்கும் ஒரு அளவுக் குழாய். திட்டுக் கொட்டகையின் கூரைமேல் சைரன். தண்ணீர் முப்பது அங்குலத்தைத் தொட்டால் சைரன் அலறும். அங்குலக் கணக்கு அப்போதைக்கப்போது ஆபீஸ் திரைக்கும் வந்து விழும்.

தப்பு எங்கே நுழைந்தது என்றால், குழாய் வாங்கிவருவதற்கு முன்னால் நுழைந்தது. அப்போது தண்ணீர் பங்க்ஷனுக்குள் ஃபர்சானா சும்மா ஒரு எண்ணைத் தட்டிவைத்து ஓட்டிப் பார்த்தாள். கையால் தட்டிய எண்ணுக்கு ‘வெளி’ எதற்கு? வைக்கவில்லை. குழாய் வந்தது, எண்ணை எடுத்துவிட்டுக் குழாயை மாட்டினாள். அடையாளத்தை மறந்தாள். கேஸை மூடினோமா என்று பத்துத் தரம் யோசிக்கிறவள் இதை ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. கஷ்டகாலம், வேறென்ன சொல்ல?

சோதித்துப் பார்க்காமலா வைத்தார்கள்? பார்த்தார்கள். இன்டர்பிரட்டரில் ஓட்டியபோது ஒழுங்காகச் சொன்னது. அது எதையும் முடிந்துவைக்காது, ஒவ்வொரு தரமும் போய்க் கேட்கும். பிறகு கம்பைலர் கொடுத்ததைப் பெட்டியில் ஏற்றி, அளத்தில் உயரமான வாளிகளில் வெவ்வேறு அளவுத் தண்ணீர் வைத்தும் பார்த்தார்கள். ஆனால் அளத்து ஜனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கரண்டு ஓடும்போது உப்புத்தண்ணியில் கை வைக்கவே மாட்டார்கள். மோட்டார் ஆனாலும் சரி, லைட் ஆனாலும் சரி, ஆஃப் பண்ணிவிட்டுத்தான் தொடுவார்கள். அளத்து ஆட்களுக்குத் தலைவியான அமராவதி, "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு, அப்புறம் வாளிய மாத்து" என்று ஒவ்வொரு தரமும் அதட்டினாள். அணைத்து, வாளியை மாற்றி, மறுபடி போட்டார்கள். போட்டதும் பெட்டி புதிதாகக் கேட்டது, சரியாகச் சொன்னது. முப்பதுக்குச் சைரன் அலறியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அதோடு போகவில்லை. வேலை முடிந்து வெயில் ஏறுமுன் வீடு திரும்பும்போது எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுத்தான் போவார்கள், ஓடுகிற சாமானை உப்புக்காத்து சீக்கிரம் தின்றுவிடும் என்று. மறுநாள் விடியலில் போடுவார்கள். பெட்டி அன்றைய அளவைச் சொல்லும். ஒரு காலை நேரத்துக்குள் கால்வாய் பெரிதாக ஏறி இறங்காது. ஆகவே மாதக்கணக்கில் அந்தப் பெட்டியை யாரும் சந்தேகப்படவில்லை.

மே மாதம், சீசன் உச்சத்தில் இருந்தபோது கடலில் புயல் என்று டிவி கத்த ஆரம்பித்தது. வெட்டவெளியில் ஷஃபியின் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் கிடந்தது. தார்பாய் போட்டு மூட வேண்டும். முதல்நாள் காலையில் ஃபர்சானா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குப் போகாதீங்க மச்சான். உப்பு போனா போவுது."

"ஏய், இன்னா நீ? புயல் எங்கயோ ஆந்திரா பக்கம் போவுதாம். நமக்கு மழைதான். அதோட உன் பொட்டி இருக்குதுல்ல? கத்துச்சின்னா ஓடியாந்துடறோம்."

அவளுக்கு மனசு ஆறவில்லை. அமராவதிக்குப் போன் போட்டாள். "அக்கா, எப்பவும் மாதிரி அத ஆஃப் பண்ணிடாதீங்க. இன்னையிலேருந்து ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

"உப்புக்காத்து தின்னுடும்மா அத."

"தின்னா தின்னட்டும்க்கா. புயல் போற வரைக்கும் யாரும் ஸ்விட்ச தொடாதீங்க. எனக்காக."

"சரிம்மா, உனக்காக" என்றாள் அமராவதி. சொன்னபடியே யாரையும் ஸ்விட்சைத் தொடவிடவில்லை.

மறுநாள் ஆபீஸில் மத்தியான லுஹர் தொழுகை நேரம் தாண்டியும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது, வானம் அப்படிக் கருத்துக் கிடந்தது. முந்திரி மரங்கள் பேயாட்டம் ஆடின. ஃபர்சானா வேலை எதையும் தொடவில்லை. திரையில் வந்து விழும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இருபத்தொன்று.

"பாரு, ஏறவே இல்ல. நீ சும்மா பயப்படுற" என்று கௌதமன் பையைத் தோளில் மாட்டினான். "நான் கெளம்பறேன். நீயும் வா, உன்ன பஸ் ஸ்டாப்ல விட்டுட்டு போறேன்."

அல்ஹம்துலில்லாஹ் என்று அவளும் மூச்சு விட்டாள். எழுந்தாள். மறுபடி இருபத்தொன்று விழுந்தது. எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"கௌதமா, வெளிய எப்படி காத்தடிக்குது?"

"பாக்கறல்ல, மரம் முறியுது."

"அங்க அலையே இல்லையா? ஒரு அங்குலம் கூட ஆடலையே தண்ணி? நேத்து காலையிலேருந்து இருபத்தொண்ணு."

கௌதமன் பையை இறக்கினான். அவள் உட்கார்ந்து பெட்டியின் புரோகிராமைத் திறந்தாள். ஏறுகிற தண்ணீரின் அளவுகளை வரிசையாக இன்டர்பிரட்டருக்குக் கொடுத்தாள். இருபத்தொன்று, இருபத்தைந்து, இருபத்தொன்பது, முப்பத்திரண்டு, சைரன். அதையே கம்பைலருக்குக் கொடுத்தாள். இருபத்தொன்று, இருபத்தொன்று, இருபத்தொன்று, இருபத்தொன்று. நிறுத்தும்வரை அதுவே வந்துகொண்டிருந்தது.

யா அல்லாஹ்! அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று விடியலில் கேட்ட பதிலை அந்தப் பெட்டி மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, கால்வாயையே எட்டிப் பார்க்காமல் அதையே எடுத்து எடுத்துக் கொடுக்கிறது. தினமும் அணைத்துப் போட்டிருந்தால் இன்று காலை அளவையாவது சொல்லியிருக்கும். அணைக்காதீர்கள் என்று கெஞ்சியது யார்? அவள்தான். அங்கே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று இப்போது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஷஃபிக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அமராவதியின் போன் அடித்தது, அடித்து அடித்து ஓய்ந்தது. மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் சுற்றி எங்கேயோ சொருகி வைத்திருப்பாள். மறுபடி போட்டபோது அதுவும் எல்லைக்கு வெளியே போய்விட்டது.

"வண்டிய எடு" என்றாள்.

"இந்த மழையிலயா? போலீசுக்கு சொல்லுவோம்."

"சொல்லிக்கிட்டே போவோம். எடுடா!"

கௌதமனை அவள் ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. அவன் சாவியை எடுத்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவுக்கு மரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. வண்டியை இரண்டு பேரும் தூக்கித் தூக்கித் தாண்ட வேண்டியிருந்தது. மழை முகத்தில் மணலை வாரி அடித்தது. போலீசுக்குப் போட்ட போனில் ஒருவர், "நாங்களும் ரோட்டுலதான் மரம் வெட்டிக்கிட்டு இருக்கோம், ஆள் அனுப்பறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த ஃபர்சானாவின் பல் கிட்டித்துக்கொண்டது. சின்னச் சின்னதுக்கெல்லாம் வந்த பயம் ஒன்றுகூட இப்போது இல்லை. மரம் தலைமேல் விழுமோ என்றுகூடத் தோன்றவில்லை. ஒரே ஒரு பயம்தான், அது நெஞ்சுக்குழியில் கல்லாக உட்கார்ந்திருந்தது. ஷஃபி நம்புவான். தண்ணீர் காலை நனைத்தாலும், சைரன் கத்தவில்லையே என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தான் செத்தால்கூட அவனுக்கு ஏன் என்று தெரியாது.

அளத்து ஓரம் வந்து இறங்கியபோது அளமே இல்லை. பாத்தியும் இல்லை, வரப்பும் இல்லை, ஒரே தண்ணீர்க்காடு. திட்டிருந்த இடத்தில் கொட்டகையின் கூரை மட்டும் மழையில் மங்கலாகத் தெரிந்தது. ரோட்டோரம் மீனவக் குப்பத்து ஆட்கள் நாலைந்து பேர் பைபர் படகுகளை மேட்டில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருசப்பன் ஷஃபிக்குப் பழக்கமானவர்.

"அண்ணே, உள்ள ஆளுங்க இருக்காங்க! என் வீட்டுக்காரர் இருக்கார்!"

இருசப்பன் நிமிர்ந்து பார்த்தார். "இருக்க மாட்டாங்கம்மா. எப்பவோ போயிருப்பாங்க. சைரன் சத்தமே கேக்கலையே? அது கேட்டா நாங்களே ஓடியிருப்போமே."

ஃபர்சானா கூரைப் பக்கம் கையை நீட்டினாள். உள்ளே இருப்பவர்கள் மட்டுமா அதை நம்பினார்கள்? கரையில் இருப்பவர்களும் அல்லவா நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

"அது கத்தாதுண்ணே" என்று அலறினாள். "எவ்ளோ தண்ணி வந்தாலும் கத்தாது. நான் தப்பா செஞ்சிட்டேன். போங்கண்ணே, கால்ல விழறேன், போங்க!"

இருசப்பன் கட்டின கயிற்றை அவிழ்த்தார். இன்னொரு ஆளோடு படகு தண்ணீரில் இறங்கியது. கௌதமனும் ஏறப் போனான், "ஆளு ஏற எடம் வேணும்பா" என்று அவனைத் தள்ளி இறக்கிவிட்டார்.

பிறகு கரையில் காத்து நின்றதுதான் கொடுமை. ஃபர்சானா துஆ ஓதத் தொடங்கினாள். பாதியில் வாயில் வந்தது இருபத்தொன்று, இருபத்தொன்று என்று. தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து ஓதினாள்.

படகு திரும்பியபோது அதில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவராக நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். முதலில் இறங்கியது அமராவதி. தலைமுடி அவிழ்ந்து, புடவை கிழிந்து, குரல் கட்டிப்போயிருந்தது.

"எங்க கூட வேல செய்ற லூர்துமேரிய தண்ணி இழுத்துக்கிச்சி" என்றாள். "வேலிக்காத்தான் புதர்ல மாட்டிக்கினு இருக்கா. ஷஃபி அவள புடிச்சிக்கினு கழுத்து மட்டும் தண்ணியில நிக்கறான். படகுல எடமில்ல."

படகு மறுபடி போனது. ஃபர்சானா தண்ணீரில் இறங்கப் போனாள். கௌதமன் அவள் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டான். திட்டினாள், கடித்தாள், அவன் விடவில்லை. வானமும் தண்ணீரும் ஒரே நிறமாகக் கிடந்ததில் படகு போன திசைகூடத் தெரியவில்லை. ஷஃபி செத்துவிட்டான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. வீட்டில் யார் யாருக்கு என்ன சொல்வது என்றுகூட நினைத்துவிட்டாள்.

இருசப்பன் கூவும் சத்தம் முதலில் வந்தது, பிறகு படகு வந்தது. லூர்துமேரி பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாள், ஆனால் உயிர் இருந்தது. பக்கத்தில் ஷஃபி, முள் கிழித்த கையோடு, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தான். போன உயிர் ஃபர்சானாவுக்குத் திரும்பி வந்தது. ஆனால் கிட்டே போய்த் தொடுவதற்குள் அமராவதி அவன்மேல் பாய்ந்துவிட்டாள்.

"கெளம்பலாம் கெளம்பலாம்னு தலபாடா அடிச்சிக்கினேன்டா! வரப்புல தண்ணி வருதுன்னேன். ‘பொட்டி கத்தலையேக்கா, ஒக்காருக்கா’ன்னியே! இன்னாடா உன் பொட்டி? எங்கடா உன் பொட்டி?"

ஷஃபி ஃபர்சானாவைப் பார்த்தான். தண்ணீருக்குள் நின்றபோது அந்தக் கம்பத்தை அவன் பார்த்திருக்க வேண்டும். கம்பம் கழுத்துவரை முழுகியும் பெட்டியின் கண்ணாடியில் இருபத்தொன்று எரிந்ததை அவன் பார்த்துவிட்டான் என்று அந்தப் பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தாங்க்கா ஆஃப் பண்ணிட்டேன்" என்றான். "உப்புக்காத்து தின்னுடுமேன்னு காலையில ஆஃப் பண்ணேன். திருப்பிப் போட மறந்துட்டேன். பொட்டி மேல தப்பில்ல."

அமராவதி கையை ஓங்கினாள். சுற்றி நின்றவர்கள் ஆளாளுக்கு அவனைத் திட்டினார்கள். ஃபர்சானா வாயைத் திறக்கவில்லை. ஐயோ, அந்தக் கொஞ்ச நேரம்! இப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. தப்பை ராவோடு ராவாகத் திருத்தி ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது, ஆபீஸுக்கும் தெரியாது. அவனே விரும்பித்தானே சுமக்கிறான் என்றும் சொன்னது. அமராவதியின் கை இறங்கும் முன் அவள் குறுக்கே போய் நின்றாள்.

"அக்கா, அவர் பொய் சொல்றார். யாரும் ஆஃப் பண்ணல. தப்பு என்னுது."

எல்லாவற்றையும் சொன்னாள். முதல் தடவை மட்டும் அது சரியாகக் கேட்கும், பிறகு கேட்காது, கேட்டதையே சொல்லிக்கொண்டிருக்கும் என்று. வாளி வைத்துப் பார்த்தபோது ஏன் சரியாக இருந்தது என்று. அமராவதி ஓங்கிய கையை இறக்கினாள். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று ஃபர்சானாவுக்கு இருந்தது. அமராவதி போய் லூர்துமேரியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

லூர்துமேரி பிழைத்தாள். அளத்துக்கு மட்டும் அவள் திரும்பவே இல்லை. ஃபர்சானா அந்த வாரமே ‘வெளி’ அடையாளத்தை வைத்தாள். அடையாளம் இல்லாமல் வெளியே கை நீட்டுகிற பங்க்ஷனைக் கண்டால் கம்பைலரே மறுத்துவிடுகிற மாதிரி மாற்றவும் செய்தாள். கோர்வையைப் பயன்படுத்துகிற எல்லாருக்கும் நடந்ததை எழுதி அனுப்பினாள். பாராட்டி எழுதியவர்களில் பாதிப் பேர் பதில் போடவில்லை.

அளத்தில் தண்ணீர் வடிந்து வேலை தொடங்கியபோது, திட்டுக்கு ஒருத்தியும் இறங்க மாட்டேன் என்றாள். ஷஃபி போய்க் கெஞ்சினான். அமராவதி அவனிடம் பேசவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே ஃபர்சானாவிடம் சொன்னாள்.

"அமாவாசைக்கு கடல் ஓதம் கால்வாயில ஏறும். நீ வந்து அந்தக் கம்பத்துகிட்ட தண்ணியில நில்லு. நாங்க ரோட்டுல நிக்கறோம். அது கத்துனா எங்களுக்கு கேக்கட்டும்."

"எனக்கு நீச்சல் தெரியாதேக்கா."

"எங்களுக்கு மட்டும் தெரியுமா?"

அமாவாசை அன்று விடிந்ததும் போனார்கள். ஓதம் வழக்கமாக ஏறுகிற அளவுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி, சைரன் கத்தவேண்டிய அளவை அன்றைக்கு மட்டும் ஃபர்சானா இருபத்துநாலாக இறக்கி வைத்தாள். பர்தாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கினாள். சேறு கணுக்காலை உள்ளே இழுத்தது. ஏதோ ஒன்று காலுக்கு அடியில் நெளிந்தது. கத்தாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதினெட்டு என்றது பெட்டி. தண்ணீர் முழங்காலைத் தாண்டித் தொடைக்கு வந்தது. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று வந்தது. எண் அங்கேயே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு இருபத்திரண்டு ஆனது.

இருபத்துநாலுக்குச் சைரன் அளமே அதிர அலறியது. ரோட்டில் ஷஃபி துண்டைச் சுழற்றிக்கொண்டு குதித்தான். ஃபர்சானா அழுதுகொண்டே கரையில் கையை ஊன்றினாள்.

"எங்க ஏறுற?" என்றாள் மேலே நின்ற அமராவதி.

"கத்திடுச்சேக்கா."

"மொத தடவ அது எப்பவும் சரியாதான் செய்யும்னு நீதான சொன்ன? இது மொத தடவ. சாயங்காலம் திருப்பியும் ஓதம் ஏறும். அதுவரைக்கும் யாரும் ஸ்விட்ச தொடக்கூடாது. அப்பவும் கத்துச்சின்னா நாங்க இறங்கறோம்."

"அதெல்லாம் சரி பண்ணிட்டா" என்று ஷஃபி தூரத்திலிருந்து கத்தினான். "ஃபர்சா, நீ ஏறி வா, வீட்டுக்குப் போவலாம்!"

ஃபர்சானா பதில் சொல்ல வாயெடுத்தாள். தண்ணீரைக் கேட்கிற பங்க்ஷனுக்கு அடையாளம் வைத்தாள், சரி. சைரனைக் கத்தச் சொல்கிற பங்க்ஷனுக்கு? கம்பைலர் மறுத்திருக்கும். மறுத்திருக்குமா? வெளியே போய்க் கேட்கிறதைத்தானே மறுக்கச் சொன்னாள், வெளியே போய்ச் சொல்கிறதையும் மறுக்கச் சொன்னாளா? ஒரு தரம் கத்தியதை மடியில் முடிந்துகொண்டு, கத்தியாகிவிட்டதே என்று அது இரண்டாம் தரம் சும்மா இருந்துவிட்டால்? அவள் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"நீங்க போங்க மச்சான்" என்றாள். "நான் சாயங்காலம் வரேன்."

கரையில் ஊன்றிய கையை எடுத்துவிட்டு, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றாள்.